நிமிரும் வயது

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் வரை போய், இட்லி வடை சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டி, ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. டேங்க் முதல் சைலன்சர் வரை எல்லாம் பந்தயக் களை. ஹேண்டில்பார் மட்டும் பால்காரர் சைக்கிளில் இருப்பதுபோல உயர்ந்து, அகன்று, சாதுவாக நிற்கும். வாங்கும்போது அதில் இருந்தவை, முன்பக்கக் குழாய்களோடு தாழ இறுகப் பிடித்திருந்த கிளிப்-ஆன்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், “கன்ட்ரோல் நல்லா இருக்கு ப்ரோ” என்பார். “டூரிங்குக்காக செட் பண்ணேன்” என்பார். கழுத்து வலி, மணிக்கட்டு வலி ஆகியவை அந்த உரையாடலில் இடம்பெறா. வயது நாற்பதைத் தாண்டியதும் இடம்பெறாது. கூட்டத்தில் இருக்கும் இளவட்டங்கள் இவரைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் பந்தய மரபை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் இவர் ஒருவர்தான் என்பது என் கட்சி.

கணக்கு இவருக்குச் சாதகமாக இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் இரண்டு வண்டிகளைச் சேர்த்தே இறக்கியது. இரண்டிலும் அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின். நிமிர்ந்து உட்காரும் இன்டர்செப்டரின் ஆரம்ப ஷோரூம் விலை 2.50 லட்சம் ரூபாய். குனிந்து ஓட்டும் ஜிடி 2.65 லட்சம். குனிவதற்குப் பதினைந்தாயிரம் கூடுதல்! அதை மனமுவந்து கட்டியவர், பிறகு இன்டர்செப்டரின் ஹேண்டில்பார், அதைத் தாங்கும் மேல் தட்டு, நீளமான கேபிள்கள், பிரேக் ஹோஸ், மெக்கானிக் கூலி என்று நிமிர்வதற்கும் தனியாகக் கட்டுகிறார். இவ்வளவுக்குப் பிறகும் ஜிடியின் கால் மிதிகள் இன்டர்செப்டரில் இருப்பதைவிடப் பின்னால் தள்ளியே இருக்கின்றன. ஆகவே சிக்னலில் நிற்கும்போது இவருடைய மேல்பாதி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கும். கீழ்ப்பாதி இன்னும் பந்தயத்தில் இருக்கும்.

ஆனால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் காற்றைக் கேட்டால் வேறு தீர்ப்பு கிடைக்கும். பந்தய வீரர் குனிவது அழகுக்காக அல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அறுபதில் இருப்பதைப்போல நான்கு மடங்கு நூற்றிருபதில் இருக்கும். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே மார்பைத் தாங்கிக்கொள்வதால் கைகளில் பாரம் குறைகிறது. தொடைகளால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் இன்னும் குறையும். கிண்டியில் காலை ஒன்பதரை மணிக்கு, மாநகரப் பேருந்துக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவரைத் தாங்க எந்தக் காற்று வரும்? சாய்ந்த உடலின் பாரம் முழுதும் உள்ளங்கையில் இறங்குகிறது. அங்கே ஓடும் நரம்பு அழுந்தி, முதலில் சுண்டுவிரலும் அடுத்து மோதிர விரலும் மரத்துப்போகின்றன. தாழ்ந்த ஹேண்டில்பார் பிழையான பொருள் அல்ல. பிழையான சாலையில் இருக்கிறது, அவ்வளவே.

சரித்திரமும் இவர் பக்கமே பேசுகிறது. லண்டனின் வடக்கு வளையச் சாலையில் 1938-ல் திறக்கப்பட்ட ஏஸ் கஃபேயை ஐம்பது, அறுபதுகளில் மொய்த்த இளைஞர்கள், கம்பெனி கொடுத்த உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தாழ்வானதைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். மணிக்கு நூறு மைலைத் தொடுவது அவர்கள் லட்சியம். 1959-ல் திறந்த எம்-1 நெடுஞ்சாலையில் 1965 கடைசிவரை வேக வரம்பே கிடையாது. அந்தச் சாலைக்கு அந்தக் குனிவு பொருந்தியது. அந்த மோகத்தைப் பார்த்துத்தான் ராயல் என்ஃபீல்டே 1964-ல் 250 சிசி கான்டினென்டல் ஜிடியைத் தயாரித்து விற்றது. அவர்கள் விட்டுச்சென்ற மரபு ஹேண்டில்பாரின் உயரத்தில் இல்லை. தன் சாலைக்கு ஏற்பத் தன் வண்டியைத் திருத்திக்கொள்ளும் துணிச்சலில் இருக்கிறது. கம்பெனி கொடுத்ததைக் கொடுத்தபடி ஓட்டிக்கொண்டு முதுகைப் பிடித்தபடி இறங்கும் இளவட்டத்தைவிட, ஸ்பேனர் எடுத்த நம்மவரே அந்தப் பையன்களுக்கு நெருங்கிய வாரிசு.

“அப்படியானால் முதலிலேயே இன்டர்செப்டர் வாங்கியிருக்கலாமே” என்பார்கள். ஷோரூமில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது கண். மணிக்கட்டை யாரும் கலந்தாலோசிப்பதில்லை. கண்ணுக்குப் பிடித்தது அப்படியே இருக்க, கைக்குப் பிடிக்காததை மட்டும் மாற்றுவது முட்டாள்தனம் ஆகாது. முன்சக்கரத்தில் பாரம் குறையும், திருப்பத்தில் பழைய பிடிமானம் இருக்காது என்பது வலுவான ஆட்சேபம், உண்மையும்கூட. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் சுற்றுபவர் கிளிப்-ஆனைத் தொடக் கூடாது. தெருவில் ஓட்டுபவருக்கு அதைவிட முக்கியம், வேலை சுத்தமாக நடந்ததா என்பது. ஹேண்டிலை இருபுறமும் கோடிவரை திருப்பும்போது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக உறுமினாலோ, பிரேக் ஹோஸ் விறைத்தாலோ, கை டேங்கில் இடித்தாலோ அந்த வண்டியைத் தெருவில் விடக் கூடாது. கடைசி ஆட்சேபம் சட்டம். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே சொன்னது. “ஆர்.சி.யில் ஹேண்டில் உயரம் எங்கே எழுதியிருக்கு?” என்பது நம்மவரின் வாதம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அதைவிட நல்ல வாதம்.

இத்தனை பட்டும், புதிதாக வண்டி வாங்கப்போகிற எவரிடமும் இவர் இன்டர்செப்டரைச் சிபாரிசு செய்ததில்லை. “ஜிடியே எடு தம்பி, அந்த லுக்கே தனி” என்றுதான் சொல்வார். கூடவே தன் மெக்கானிக்கின் நம்பரையும் அனுப்பிவைப்பார்.