அண்ணாச்சி கொடுத்த பெஞ்சுகள்

அண்ணாச்சி, நம் சபையில் உங்களைப் புகழாதவர்கள் குறைவு. நானும் புகழத்தான் எழுதுகிறேன். இதில் வரும் ஒவ்வொரு புகழ்ச்சியும் நான் கண்டும் கேட்டும் அறிந்தது. ஒன்றைக்கூடப் பிறகு மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பெஞ்சு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். கோவிலில் அதுவரை கிடந்த பெஞ்சுகளுக்குச் சாய்மானம் கிடையாது. பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் பின்வரிசைப் பாட்டிமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவார்கள். வருஷக்கணக்காக எல்லார் கண்ணெதிரிலும் நடந்ததுதான். கவனித்தது நீங்கள் ஒருவர். உங்கள் செலவில் 24 தேக்கு பெஞ்சுகளுக்குச் சொல்லிவிட்டு, முதல் பெஞ்சு வந்ததும் நீங்களே ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்த்தீர்கள். முழங்கால் மடிப்பில் பலகை விளிம்பு அழுத்துகிறது, இழைத்துக் கொண்டு வாரும் என்று ஆசாரியைத் திருப்பி அனுப்பினீர்கள். அடுத்தவர் காலில் எந்த இடத்தில் வலிக்கும் என்று யோசிக்கிற மனசு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

உங்கள் துணிக்கடை மூன்று மாடி. காலை 9.30-க்கு வந்து நிற்கிற பெண்பிள்ளைகள் இரவு 9.30-க்குத்தான் இறங்கிப் போகிறார்கள். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி. வாங்க வருகிறவர்கள் உட்கார மெத்தை வைத்த நாற்காலி மூன்று மாடியிலும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல் இல்லை. ஆள் வராத மத்தியான நேரத்தில் சேலை அடுக்கில் லேசாகச் சாய்ந்தால்கூட, கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுகிறார். என் சித்தி மகள் இரண்டாம் மாடியில் ஆறு வருஷம் நின்றாள். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்து, இப்போது இறுக்கமான உறை மாட்டாமல் அவளால் தெருமுனை வரை நடக்க முடியாது. வயது 28. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்காருவது நீங்கள் கொடுத்த பெஞ்சில்தான். விளிம்பு உறுத்தவே இல்லை, அண்ணாச்சி எவ்வளவு பார்த்துச் செய்திருக்கிறார் என்று என்னிடம் சொன்னவளும் அவள்தான். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் குறை எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டத்தைக் காட்டி உங்களை மடக்குவது என் நோக்கம் இல்லை. ஆனாலும் அது இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைகளில் நின்று நின்று சலித்த பெண்கள் சேர்ந்து போராடிய பிறகு, 2018-இல் கேரளம் கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. நம் தமிழ்நாடும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 2021-இல் அதையே கொண்டுவந்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்கார இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது. சட்டம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, யாரும் கேட்காமல், கோவிலில் இதைச் செய்து காட்டியவர் நீங்கள்.

உங்கள் அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீட்டர் கணக்கில் துணி கிழிக்கும்போது நாலு விரல் தள்ளிக் கிழிக்க வேண்டும் என்பது உங்கள் கடை வழக்கம். உங்கள் அப்பா காலத்திலிருந்து வருவது. துணி சுருங்கிப்போகும், ஏழை ஜனங்கள் திரும்ப வந்து சண்டை போட மாட்டார்கள், நாம்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அருமையான பேச்சு அது. கத்தரிக்கோல் பிடிக்கிற பிள்ளை பஸ் தாமதமாகி பத்து நிமிஷம் பிந்தி வந்தால் அரைநாள் சம்பளம் போகிறது. துணிக்கு விடுகிற அந்த நாலு விரலை நேரத்திலும் விடலாம், அண்ணாச்சி. விடத் தெரிந்த கை உங்களுடையது.

போன அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. பனங்கருப்பட்டி, வாழைத்தார், சேவல் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓலைக் கொட்டானில் ஒரே ஒரு முட்டை வந்தது. கொண்டுவந்த அம்மா கூட்டத்தின் கடைசியில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ இருபது ரூபாய் என்றார்கள். நீங்கள் ஆயிரம் என்றீர்கள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. நீங்களாகவே ஏற்றி ஐயாயிரத்தில் நிறுத்தினீர்கள். சிலர் அதைப் பெருமைக்குச் செய்தது என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன். அவர்கள் கொடுத்தது சின்னது என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்று உங்களுக்குத் துடித்தது. அந்த அம்மாவின் பேத்திதான் உங்கள் கடையில் குழந்தைகள் பகுதியில் நிற்கிறாள். அந்த முட்டைக்கு நீங்கள் கொடுத்ததைவிட அவளுடைய ஒரு மாதச் சம்பளம் இரண்டாயிரத்து சொச்சம்தான் அதிகம்.

உங்கள் அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. உலை வைக்கும்போது அரிசியை அளந்து போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த கலயத்தில் போடுவார்கள். ஊழியத்துக்கான பிடி அரிசி. வீட்டில் பஞ்சமான நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை. இப்படிக் கொடுத்துப் பழகிய ஜனங்களை நம்பித்தான் நம் வெள்ளாளன்விளை அசரியா 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். நம் பணத்தில் நம் ஆட்களையே அனுப்பலாம் என்று நிமிர்ந்து சொன்னார். அம்மாவின் பக்தி நடந்த இடம் அடுப்படி. திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும், கரி பிடித்த கையோடு, யாரும் பார்க்காதபோது நடந்தது. அந்த அம்மா வளர்த்த பிள்ளை நீங்கள்.

கடை திறக்குமுன் தினமும் ஜெபம் பண்ணுகிறீர்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பம் உள்ளவர்கள் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டு நோய்நொடியையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறீர்களாம். அதைக் கேட்டு அழுத பிள்ளைகள் உண்டு. ஜெபத்துக்கு எழுந்து நிற்பது நம் வழக்கம், சரி. ஆமென் சொன்ன பிறகும் பன்னிரண்டு மணி நேரம் அவர்கள் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள்.

டிசம்பரில் இது இன்னும் கொடுமை. 24-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரை வரை வியாபாரம். அதிகாலை நாலு மணிக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை. நம் சபைப் பிள்ளைகளே ஏழெட்டுப் பேர் உங்கள் கடையிலிருந்து வீடு போய்ச் சேர ஒரு மணி ஆகிறது. கிறிஸ்து பிறப்புக்காக ஊருக்கெல்லாம் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர்கள், ஆராதனையில் கண்ணைத் திறக்க முடியாமல் தலை கவிழ்ந்து கிடக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான். எழுப்ப மனசு வருவதில்லை.

சில வாரங்களுக்கு முன் நிருப வாக்கியம் வாசிக்கிற முறை உங்களுக்கு வந்தது. யாக்கோபு, இரண்டாம் அதிகாரம். பொன் மோதிரம் போட்டவன் ஆலயத்துக்கு வந்தால் நல்ல இடம் காட்டி உட்கார வைக்கிறார்கள், கந்தை கட்டியவனை அங்கே நில் என்கிறார்கள் என்று யாக்கோபு கடிந்துகொள்கிற இடம். நீங்கள் எப்போதும்போல மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும்படி வாசித்தீர்கள். நில் என்ற சொல் வந்தபோது உங்கள் குரல் ஒரு நொடி தங்கியது. மற்றவர்கள் மூச்சு வாங்குகிறீர்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் இத்தனை நாள் தொண்டையில் இருந்ததை இன்றைக்கு எழுதுகிறேன்.

புதுப் பெஞ்சுகள் வந்தபோது பழையவற்றைக் கோவிலுக்குப் பின்னால், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். நேற்றுப் போய் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். சாய்மானம் இல்லைதான், ஆனால் ஒன்பது பெஞ்சுகள் கால் ஆடாமல் உறுதியாக இருக்கின்றன. மாடிக்கு மூன்றாகப் போடலாம். கமிட்டி எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும் என்றால், பொருளாளர் நீங்கள்தான். வண்டிக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். வாடகையும் என்னுடையது.