பிரிவதற்கென்றே போட்ட தையல்

துணிக்கடையில் சட்டையைத் திருப்பி, உள்பக்கத் தையலை இழுத்துப் பார்த்து வாங்குகிற குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்த நான் கலிஃபோர்னியாவில் ஒரு மலையேற்றக் கடையில் நின்று, “இந்தத் தையல் ஒழுங்காகப் பிரியுமா?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவே இல்லை. “நன்றாகப் பிரியும்” என்றார், பெருமையோடு.

பொருளின் பெயர் ஸ்க்ரீமர். நாடாவை மடித்து மடித்து, குறுக்கே வரிசையாகத் தைத்திருப்பார்கள். நாம் விழும்போது இழுப்பு சுமார் 2 கிலோநியூட்டனை, அதாவது 200 கிலோ தொங்கினால் வருகிற இழுப்பை, எட்டியதும் தையல் படபடவென்று பிரியும். பிரிகிறபோது அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முழுக்கப் பிரிந்த பிறகும் அறுந்துபோகாது; சாதாரண நாடாவாக நம்மைத் தாங்கும்.

இது பாறையில் உள்ள பிடிமானத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே வரும். எந்தப் பிடிமானத்தில் மாட்டுவது? பாறையைத் துளைத்து இறுக்கிய நல்ல போல்ட்டில் மாட்டுவது வீண் செலவு. போல்ட்டும் தாங்கும், கயிறும் இழுபட்டுக் கொடுக்கும். யோசெமிட்டியில் எல் கேப்பிட்டனின் 900 மீட்டர் பாறைச்சுவரில் ‘எய்ட்’ முறையில் ஏறுகிறவர்களுக்குத்தான் இது தேவை. பாறைப் பிளவில் செருகிய கருவியில் நாடா ஏணியைத் தொங்கவிட்டு, அதன்மேலேயே ஏறி நின்று, அடுத்ததைச் செருக வேண்டும். கருவி என்றதும் கடப்பாறையை நினைக்க வேண்டாம். பின்னாளில் பட்டகோனியா துணிக் கம்பெனியைத் தொடங்கிய இவான் சூனார்டும் டாம் ஃப்ராஸ்ட்டும் 1960-இல் செய்த ‘ரர்ப்’ ஆணி தபால்தலை அளவுதான். நிற்கும்வரை நிற்கலாம், விழ மட்டும் கூடாது. விழுந்தால், நம் இழுப்போடு கீழே கயிறு பிடித்திருப்பவரின் எதிரிழுப்பும் சேர்ந்து அந்தத் தபால்தலைமேல் இறங்கும்.

தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நட்டு என்பது பாறைப் பிளவில் செருகுகிற உலோக ஆப்பு; மிகச் சிறிய நட்டுகளில் ‘2 கிலோநியூட்டன்’ என்றே பொறித்திருக்கும். நாடாவும் 2-இல்தான் பிரியத் தொடங்கும் என்றால், முதலில் போவது தையலா நட்டா என்று அந்தரத்தில் தொங்கியபடி வேடிக்கை பார்க்கலாம். அங்கே இன்னும் குறைந்த இழுப்பிலேயே பிரிகிற ரகம் வேண்டும். அப்போதும் ரொம்ப நம்பக்கூடாது. 80 கிலோ ஆள் 6 மீட்டர் விழுந்தால் சுமார் 4,700 ஜூல். அரை மீட்டர் நீளத்துக்கு 2 கிலோநியூட்டனில் பிரிகிற தையல் தின்பது 1,000 ஜூல். மிச்சத்தைக் கயிறுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை பிரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. திரும்பத் தைக்க எந்த டெய்லரும் இல்லை. நம் ஊர்க்காரன் கையில் இதைக் கொடுத்தால் தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. நண்பன் மேலே ஆடுகிற நட்டில் நிற்கிறான், நான் கீழே கயிறு பிடித்திருக்கிறேன்.

“ஸ்க்ரீமர் போட்டியாடா?”

“இல்லடா. மேல இதவிட மோசமா வரும்போல, அதுக்கு வச்சிக்கலாம்.”

அதைவிட மோசமானது வந்தது. கேட்டேன். அதே பதில். கடைசியில் கட்டைவிரல் தடிமனான இரண்டு போல்ட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தான். இடுப்பில் ஸ்க்ரீமர் அத்தனையும் மடிப்புக் கலையாமல் தொங்கின. ஒன்றைக் கழற்றி, அந்தப் போல்ட்டில் மாட்டினான்.

“சும்மா இருக்கேன்னுதான்” என்றான்.