ஓன் யூஸுக்குத்தான் சார்!

தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரைக்கும், மேற்கே முடிச்சூர் தாண்டிப் படப்பை வரைக்கும், தெருவுக்குத் தெரு வாசலில் கார் நிற்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு மஞ்சள் நம்பர் பிளேட்டோடு நிற்கும். அங்கே டாக்ஸி டிரைவர் குடியிருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இருக்கலாம், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் சூப்பர்வைசர் இருக்கலாம், கணக்கு வாத்தியார்கூட இருக்கலாம். ஆள் யாராக இருந்தாலும், வண்டியைப் பற்றி யார் என்ன கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: “ஓன் யூஸுக்குத்தான் சார்!” ஆகவே அவரை ஓன் யூஸ்காரர் என்றே அழைப்போம்.

தமிழ்நாட்டுக் கார் சந்தையில் சாதி இரண்டுதான்: ஓன் போர்டு, டி-போர்டு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி, சரக்கு வண்டி. கால் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த டி-போர்டு செடானை, அதே வயது ஓன் போர்டு வண்டியைவிட நல்ல விலைக் குறைவில் வாங்கலாம். ஓன் யூஸ்காரரின் கண் அந்த விலையில் விழுந்தது. கிலோமீட்டர் மீட்டரில் விழவில்லை.

“அப்புறமா ஓன் போர்டா கன்வர்ட் பண்ணிக்கலாம் சார், ரெண்டு கையெழுத்துதான்” என்றார் புரோக்கர்.

அந்த இரண்டு கையெழுத்துக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது. பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். வண்டியின்மேல் கடன் இருந்தால் பைனான்ஸ்காரரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பழைய வரி பாக்கி இருக்கக் கூடாது. பிறகு வண்டியின் வயதுக்கேற்ப லைஃப் டேக்ஸ் கட்ட வேண்டும், இன்ஷூரன்ஸை மாற்ற வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் புதுக் கார்களுக்கான வாழ்நாள் வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அந்தச் செய்தி வந்த அன்று ஓன் யூஸ்காரர் பேப்பரை மடித்துத் தொடையில் தட்டிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: “பாத்தியா? 12 லட்சத்துக்குப் புதுக் கார் வாங்கியிருந்தா 2,16,000 வரி மட்டும் போயிருக்கும்!” வாங்காத காருக்குக் கட்டாத வரியையெல்லாம் அவர் சேமிப்புக் கணக்கில்தான் வரவு வைப்பார்.

கன்வர்ஷன் ‘அடுத்த மாசம்’ ஆனது. அடுத்த மாசம் தைக்குப் பிறகு ஆனது. எந்தத் தை என்று யாரும் கேட்கவில்லை.

மஞ்சள் பலகை ஆளையும் தன் நிறத்துக்கு மாற்றிவிடுகிறது. மகளை ஏற்றிக்கொள்ளத் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் நின்றால், யாரோ பின்கதவைத் திறந்து பையை உள்ளே தள்ளிவிட்டு, “கேம்ப் ரோடு எவ்ளோண்ணா?” என்பார். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து இந்தத் தொல்லை வண்டலூர் வரைக்கும் நீண்டுவிட்டது. குரோம்பேட்டையில் ஒரு முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு போய் இறங்கினார். மண்டபத்துக் காவலாளி பணிவாகத்தான் சொன்னார்: “பார்ட்டிய எறக்கி விட்டுட்டு வண்டிய ஓரமா போடுங்கண்ணே. டிரைவர் சாப்பாடு ரெண்டாம் பந்தி.” பின்சீட்டில் இருந்த ‘பார்ட்டி’, அதாவது அவர் மனைவி, அன்றிலிருந்து முன்சீட்டில்தான் உட்காருகிறார். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், “பையனோட அப்பா கேக்கிறாரு, மாமா டிராவல்ஸ் வெச்சிருக்காரா?” என்று தரகரிடம் விசாரித்தார்கள். எத்தனை வண்டி ஓடுகிறது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொள்வார். மானம் செலவுக் கணக்கில் வராது. ஆனால் செலவுக் கணக்கில் வருவதும் உண்டு.

முதலாவது எப்.சி. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை தகுதிச் சான்று பற்றிய கவலையே இல்லை. போக்குவரத்து வாகனத்துக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். எப்.சி. வாரத்தில் அவர் வீட்டில் கல்யாணக் களை கட்டும். பட்டி பார்த்து பெயிண்ட், ஒளிரும் பட்டை, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்று. ஜி.எஸ்.டி. சாலையில் எண்பதைத் தொட வாய்ப்புக் கிடைக்கும் நாள் பொங்கல் விடுமுறைக்கு ஊரே காலியாகும் நாள்தான் என்பதால், அந்தக் கருவியோடு அவருக்குப் பகை இல்லை.

இரண்டாவது இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தைக் கம்பெனி தீர்மானிப்பதில்லை. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். அதே எஞ்சின் டாக்ஸி என்றால் 7,940 ரூபாய், அதோடு பயணி ஒருவருக்கு 978 ரூபாய். நான்கு பயணிக்குக் கணக்குப் போட்டால் 11,852 ஆகிறது. வித்தியாசம் 8,436. வாடகை வண்டி நாள் முழுக்க ஓடும், தெரியாத ஆட்களை ஏற்றும், ஆபத்து அதிகம் என்பது இந்தக் கட்டணத்தின் தர்க்கம். ஓன் யூஸ்காரரின் வண்டியோ வாரத்தில் இரண்டு நாள் காய்கறிச் சந்தைக்கும், சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் போகிறது. வராத நான்கு பயணிகளுக்காக வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

டாக்ஸியைக் குடும்பத்துக்கு ஓட்டினால் சட்டப்படி குற்றம் ஒன்றுமில்லை. பாலிசியும் கோபித்துக்கொள்ளாது. கூடுதலாகக் கட்டியவரிடம் யாருக்குத்தான் கோபம் வரும்?

பல ஆண்டுகள் அவரை உறுத்தியது லைசன்ஸ். சாதாரண இலகுரக வாகன லைசன்ஸை வைத்துக்கொண்டு மஞ்சள் பலகை வண்டியை ஓட்டலாமா, வாடகை வண்டிக்கென்று தனியாக ‘பேட்ஜ்’ வேண்டுமா என்று ஒவ்வொரு விபத்து வழக்கிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாதாடி வந்தன. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டி என்றால் அந்த லைசன்ஸே போதும் என்றது. கம்பெனிகள் விடவில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. அன்று மாலை ஓன் யூஸ்காரர் தெருவில் ஜாங்கிரி விநியோகித்தார். பேத்திக்குப் பிறந்தநாளாக்கும் என்று எதிர்வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த இனிப்பின் சுவை அடங்குவதற்குள் பரனூர் டோல்கேட்டில் கசப்பு காத்திருந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் வந்தது. அப்போது 3,000 ரூபாய் கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ஓர் ஆண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை போகலாம். முதல் நாளே செல்போனும் கையுமாக உட்கார்ந்தார். வணிக வாகனத்துக்கு இல்லை என்று திரை சொல்லிவிட்டது. திரையிடம் “ஓன் யூஸுக்குத்தான்” என்று சொல்ல வழியில்லை.

இவருடைய மைத்துனர் முடிச்சூரில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, நாம் அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டினோமே, அந்த யானை அவரிடம் ஒன்று உண்டு. “மொத்த எடை மூவாயிரம் கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்ல மாமா, சட்டத்துல இருக்கு” என்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் அந்த விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. அதைத் தாராளமாக வளைத்து, ஆடி மாதம் குட்டி யானையில் தார்ப்பாய் கட்டி, ஜமுக்காளம் விரித்து, சொந்தபந்தத்தை மேல்மருவத்தூருக்குக் கிளப்பினார்.

ஓன் யூஸ்காரர் படித்தவர், தடுத்தார். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிப்போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய அதிகாரபூர்வப் பிரதிநிதியோ சரக்கோடு போனால்தான் அவருக்குக் காப்பு. மைத்துனர் கொஞ்ச நேரம் மேவாயைச் சொறிந்தார்.

“அப்ப ஒண்ணு பண்ணலாம் மாமா. பொங்கப் பானை அத்தையோடது. அரிசி மூட்டை பெரியம்மாவோடது. வெறகு சித்தப்பா. பொடிசுங்க எல்லாம் பிரதிநிதிங்க!”

பதினாறு பேரும் உரிமையாளர்களாகவும் பிரதிநிதிகளாகவும் நியமனம் பெற்றார்கள். பானை ஒன்றே ஒன்றுதான். கடைசியில் அத்தைதான், “எனக்கு முட்டி வலிக்குது, பஸ்ஸுல போலாம்டா” என்று சொல்லி, அத்தனை பேரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

மஞ்சளை வீட்டுக்குப் பயன்படுத்துவது இப்படி என்றால், வெள்ளையை வாடகைக்கு விடுவது மறு பாதி. அதுவும் நம் ஆளின் கைவரிசைதான். மகன் வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற ஓன் போர்டு கார் சும்மா நிற்கிறதே என்று, தெரிந்தவர் மூலம் திருப்பதிக்கு ‘டீசல் போட்டு, மேலே ஏதோ கொடுங்க’ என்று அனுப்பத் தொடங்கினார். புறப்படும்போதே பயணிகளுக்கு உறவு ஒதுக்கப்படும். முன்சீட்டுக்காரர் டிரைவருக்குப் பெரியப்பா. பின்னால் இருக்கும் அம்மாள் சின்ன அத்தை. எல்லையில் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை ஒத்திகை. ஆய்வாளரும் இந்த நாடகத்தை நிறையப் பார்த்தவர். பெரியவர்களிடம் போகவே மாட்டார். ஜன்னலோரக் குழந்தையிடம் குனிந்து, “இவரு யாரு பாப்பா?” என்பார்.

“டிரைவர் அங்கிள்!”

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய இடி பாலிசியின் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டும்போது சொந்தக் கார் பாலிசி செல்லாது. வழியில் அடிபட்ட மூன்றாம் மனிதருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பெர்மிட் இல்லாத வண்டி வழக்குகளில் 2004இலும் 2018இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதாவது, சேலையூரில் வாங்கிப் போட்ட மனைக்கு விருந்தாளி வரலாம்.

பலகைக்கும் வரிக்கும் நடுவே வழி தேடுவது தாம்பரத்தின் தனிச்சொத்து என்று பெருமைப்பட முடியாது. கோழி இறைச்சித் தகராறில் அமெரிக்கா 1964 முதல் இறக்குமதிச் சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதத் தீர்வை போட்டது. கோழி வரி என்றே இன்றும் அதற்குப் பெயர். ஜப்பானின் சுபாரு 1978இல் தன் குட்டிச் சரக்கு வண்டியின் திறந்த தொட்டியில் இரண்டு நாற்காலியைப் பொருத்தி, ‘இது பயணிகள் கார்’ என்று அனுப்பியது. பிறகு ஃபோர்டு கம்பெனி வெளிநாட்டில் செய்த வேனைப் பின்சீட்டோடு இறக்கி, சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. அந்தத் தகராறு 2024இல் 36.5 கோடி டாலரில் முடிந்தது. ஓன் யூஸ்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னால் கண் கலங்கிவிடுவார். “கழட்டுன சீட்டையெல்லாம் என்ன சார் பண்ணாங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

இப்போது அவர் பார்வை பச்சைப் பலகைமேல் விழுந்திருக்கிறது. மின்சார வண்டிக்கு 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு பெர்மிட் விலக்குக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 மின் வாகனக் கொள்கையில் சாலை வரிக்கு முழு விலக்கு என்று வந்த செய்தியை வெட்டி, பழைய ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்குமே பலகை பச்சை. எழுத்து மட்டும் சொந்தத்துக்கு வெள்ளை, வாடகைக்கு மஞ்சள். போன ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் ஒரு ஷோரூமில் போய் உட்கார்ந்தார்.

“எழுத்து எந்தக் கலர்ல வேணும் சார்?” என்றான் விற்பனைப் பையன்.

“பலகை மாறாது. எழுத்த மட்டும் காலைல வெள்ளையாவும் சாயந்திரம் மஞ்சளாவும் எரிய வெக்கிற மாதிரி லைட்டு ஏதாவது வந்திருக்கா தம்பி?”

பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் காபி வரவழைத்து, பேச்சை மாற்றி, டெஸ்ட் டிரைவ் போய்விட்டு வரலாமே என்றார்.

“போலாம்” என்று எழுந்த ஓன் யூஸ்காரர், கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். “இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் யார் பேர்ல இருக்கு? பிரைவேட்டா, கமர்ஷியலா?”