திருடனாகப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
காசு கொடுத்து வாங்கியவன்

பெறுநர்:
நகல் தடுப்புத் துறை,
கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனங்கள் (அனைத்தும்)

பொருள்: வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து திருடன் என்ற நிலைக்கு உயர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் என் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை மாற்றினேன். தங்கள் துறை அதை ஆள் மாறாட்டம் என்று முடிவுகட்டி, முழு விலை கொடுத்து நான் வாங்கிய விளையாட்டைத் திறக்க மறுத்துவிட்டது. அனுமதி வரம்பு தீர்ந்துவிட்டதாம். உதவி மையத்துக்கு எழுதினேன். பெட்டியையும் ரகசிய எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள்; அனுப்பினேன். அடுத்து, நெட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். நான் மெயில் அனுப்பியதே அந்த நெட்டில்தான். இதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி அதே விளையாட்டை எங்கிருந்தோ ஓசியில் இறக்கிப் பாதி லெவல்களைத் தாண்டிவிட்டான். அவனிடம் யாரும் போட்டோ கேட்கவில்லை.

ஆகவேதான் இம்மனு.

தங்கள் துறையின் தொண்டு நேற்று தொடங்கியதல்ல என்பதை அறிவேன். 1985-ல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு வந்த 'எலீட்' விளையாட்டோடு, லென்ஸ்லாக் என்ற மடக்கு பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றைக் கொடுத்தீர்கள். டிவி திரையில் இரண்டு எழுத்துகள் சிதறிக் கிடக்கும். லென்ஸைத் திரைக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எழுத்துகள் ஒன்றுகூடும். அவற்றைத் தட்டினால்தான் விண்கலம் புறப்படும். டிவி அளவுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் விண்கலம் புறப்படாது. இதில் உச்சம், சில பெட்டிகளில் தவறான லென்ஸைப் போட்டு அனுப்பியதுதான். அவற்றை வாங்கியவர்கள் எந்தக் கண்ணை மூடியும் பயனில்லை.

2008-ல் 'ஸ்போர்' விளையாட்டு வந்தபோது, மூன்று கம்ப்யூட்டருக்கு மேல் கூடாது என்று செக்யூரோம் பூட்டு போட்டீர்கள். அந்த ஆண்டு டொரண்டில் அதிகம் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட விளையாட்டு அதுதான் என்று டொரண்ட்ஃபிரீக் தளம் பட்டியல் வெளியிட்டது.

அதே ஆண்டு ஜூலையில் நடந்ததுதான் என் கோரிக்கைக்கு முதன்மை ஆதாரம். யூபிசாஃப்ட்டின் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' விளையாட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது. அதைப் போட்டதும், டிரைவில் டிஸ்க்கைப் போடு என்று விளையாட்டு கேட்டது. இணையக் கடையில் டவுன்லோடாக வாங்கியவர்கள் டிஸ்க்குக்கு எங்கே போவார்கள்? புலம்பல் பெருகவே, நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவு ஒரு கோப்பைக் கொடுத்தது. விளையாட்டு ஓடியது. யாரோ அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே 'ரீலோடட்' என்று கையெழுத்து. பூட்டுடைக்கும் கும்பல் ஒன்றின் பெயர் அது! பூட்டுப் போட்டவரே திருடனிடம் சாவி வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார். தங்கள் துறையின் வரலாற்றில் உருப்படியாக நடந்த சேவை அது ஒன்றுதான் என்பது என் பணிவான கருத்து. கோப்பைப் பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிட்டீர்கள்.

2013 மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி'யையும் மறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து நகரம் கட்டவும் சர்வரின் அனுமதி வேண்டும் என்றீர்கள். முதல் நாளே சர்வர் படுத்துவிட்டது. அமேசான் டவுன்லோடு விற்பனையையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நகரத்துக் கணக்கெல்லாம் சர்வரில் ஓடுவதால் நெட் இல்லாமல் சாத்தியமில்லை என்று விளக்கம் தந்தீர்கள். ஓராண்டில், 2014 மார்ச்சில், சாத்தியமாயிற்று.

பழைய டிஸ்க்குகளின் கதை வேறு. அவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் பூட்டு விண்டோஸின் அடிமடியிலேயே கைவைத்து ஓடியது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை உள்ளே விடவில்லை. அசல் டிஸ்க்கைப் பீரோவில் பத்திரப்படுத்தியவர் வாசலில் நிற்கிறார். பூட்டை அறுத்தெறிந்த திருட்டுப் பிரதிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2014-ல் விற்ற 'தி க்ரூ' கார் பந்தயத்தையோ, 2024 மார்ச் 31 அன்று சர்வரோடு சேர்த்து அடக்கமே செய்துவிட்டீர்கள்.

திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. விளையாட்டை உருவாக்குகிறவர்களும் குடும்பம் நடத்த வேண்டும். அதனால்தான் காசு கொடுத்தேன், இனியும் கொடுப்பேன். ஆனால் தங்கள் பூட்டைப் பார்க்கும் பாக்கியம் காசு கொடுத்தவனுக்கு மட்டுமே வாய்க்கிறது.

எனவே, என் பெயரை வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து நீக்கித் திருடர் பட்டியலில் சேர்த்து, அவர்களுக்குக் கிடைக்கும் பூட்டில்லாத பிரதியை எனக்கும் வழங்குமாறு வேண்டுகிறேன். விலையில் தள்ளுபடி வேண்டாம். முழுத் தொகையையும் முன்பணமாகவே கட்டத் தயார். விரைந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கியவன்

இணைப்பு: ரசீதின் ஜெராக்ஸ் ஒன்று. இதுவரை ஒரே ஒரு ஜெராக்ஸ்தான் எடுத்திருக்கிறேன். வரம்பு எவ்வளவு என்று தெரிவிக்கவும்.