நெக்ஸ்டை அமுக்கு ராசா

வாடா ராசா. அக்காவோட இலவச லேப்டாப்புல லினக்ஸ் ஏத்தப் போறியாமே? சேதி மந்தாரக்குப்பம் டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு. காசு கேக்காத சாமான்னா யார்தான் வேணாம்பாங்க?

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எதையும் படிச்சிடாத. திரையில என்ன கேட்டாலும் நெக்ஸ்டை அமுக்கு. ‘வட்டை முழுசா அழிச்சிட்டு ஏத்தவா’ன்னு கேக்கும் பாரு, அதுக்கும் அமுக்கு. அக்கா கல்யாண போட்டோ அம்புட்டும் அதுலதானே இருக்கு? போவட்டும். மாப்பிள்ளைக்கு அப்ப இருந்த முடி இப்ப இல்ல, பாத்தா அவருக்கும் வருத்தம்தான்.

நான் சுரங்கத்துல ரிட்டயர் ஆனவன். கரிக்கு அடியில ஊத்துத்தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும். அதை முன்னாடியே பம்பு வெச்சு எறைச்சாத்தான் கரி வெட்ட முடியும். ஜெர்மனியிலேர்ந்து வந்த ராட்சத சக்கர எந்திரமா இருந்தாலும் தண்ணிகிட்ட என்ன பண்ணும்? போட்டோவைத் தனியா காப்பி எடுத்து வெக்கறது அந்தப் பம்பு வேலை. எவனும் கைதட்ட மாட்டான்.

2011-ல அரசாங்கம் குடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்புல விண்டோஸோட ‘பாஸ்’னு ஒரு லினக்ஸும் சேந்தே வந்துது. சிடாக்குன்னு ஒரு அரசாங்க கம்ப்யூட்டர் நிறுவனத்துக்காரங்க டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸை வெச்சுப் பண்ணினது, தமிழும் தெரியும் அதுக்கு. உன் சின்ன மாமனுக்கும் ஒண்ணு கெடச்சுது. ஒருநாள் தப்பித்தவறி பாஸ் தொறந்துகிச்சு; வைரஸுன்னு நெனச்சு கடைக்குத் தூக்கிட்டு ஓடினான். 1991-ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸுன்னு ஒரு காலேஜ் பையன் எழுதி ஊருக்கே தொறந்துவிட்டதை, உன் மாமன் காசு குடுத்து அழிச்சிட்டு வந்தான்.

உனக்கு அவ்வளவு தைரியம் இல்லன்னா, ஏத்தாமலே பென்டிரைவுலேர்ந்து ஓட்டிப் பாரு. வைஃபை புடிக்குதா, சத்தம் வருதான்னு அதுலயே தெரிஞ்சிடும். ஏத்தினதுக்கு அப்புறம், கருப்புத் திரையில சூடோன்னு போட்டுக் கட்டளை அடிச்சா பாஸ்வேர்டு கேக்கும். நீ தட்டறப்ப பல லினக்ஸுல ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு குத்தி ஒடைச்சிடாத, அது அப்படித்தான்.

மாட்டிக்கிட்டா விழுப்புரத்துல குனு லினக்ஸ் குழுப் புள்ளைங்க இருக்காங்க, காசு வாங்காம சொல்லித் தருவாங்க. என்ன எர்ரர் வந்துச்சுன்னு கேப்பாங்க. ‘என்னமோ இங்கிலீஷ்ல வந்துது, மூடிட்டேன்’னு சொல்லு, ரொம்ப சந்தோஷப்படுவாங்க.

சரி, பென்டிரைவ் வெச்சிருக்கியா? லினக்ஸை எழுதினா அதுல இருக்கறது பூரா போயிடும். உங்கப்பனோடதை மட்டும் தொடாத. அதுல எம்ஜிஆர் பாட்டு இருக்கு.