தண்ணீர்ப் பண்டிதர்

தாகம் எடுத்ததால் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விட்டொழித்தவர் தண்ணீர்ப் பண்டிதர். பாட்டில் கைக்கு வந்ததும் மற்றவர்கள் மூடியைத் திருகுவார்கள். இவர் பாட்டிலைத் திருப்புவார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட தாது உப்புப் பட்டியலை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரை படித்த பிறகே தொண்டைக்கு அனுமதி கிடைக்கும்.

அவருடைய இஷ்ட தெய்வம் எவியன். பிரான்சில், ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள ஊற்றுநீர் அது. ஆல்ப்ஸில் பெய்த மழையும் உருகிய பனியும், பனியாறுகள் விட்டுப்போன மணல் அடுக்குகளின் ஊடே பல ஆண்டுகள் கசிந்து அங்கே வந்து சேர்கின்றன. 1789இல் பிரபு ஒருவருக்கு இந்த நீரைக் குடித்துச் சிறுநீரகக் கல் குணமானதாகச் சொல்லப்படும் கதை பண்டிதருக்குத் தலபுராணம். லிட்டருக்குக் கால்சியம் சுமார் 80 மில்லிகிராம், மக்னீசியம் 26, பைகார்பனேட் 360, சோடியம் 7க்கும் குறைவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். தன் ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்தான் யோசிப்பார்.

சுவை பற்றி அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கால்சியம் மிகுந்த நீர் வாயில் சற்றுக் கனமாக, லேசான சுண்ணாம்புச் சுவையோடு படியும். மக்னீசியம் கூடினால் கசப்பு தட்டும். சோடியம் கூடினால் கரிக்கும். ஃபிஜித் தீவு நீரின் வழுவழுப்புக்கு, அதில் லிட்டருக்குச் சுமார் 90 மில்லிகிராம் இருக்கும் சிலிகாவே காரணம் என்பார்கள் ரசிகர்கள். உமிழ்நீரிலேயே உப்புகள் உண்டு. நாக்கு அதற்குப் பழகிப்போனது. அதனால்தான் உப்பே இல்லாத வாலைவடிநீர் சப்பென்று இருக்கிறது.

பண்டிதர் ஐஸ் போட விடமாட்டார். குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்துவிடும். எலுமிச்சைத் துண்டு மகாபாவம். ஓட்டலில்தான் அவருக்குச் சோதனை.

“சார், மினரலா, சாதா தண்ணியா?”

“எந்த மினரல், தம்பி? கால்சியமா, மக்னீசியமா?”

சர்வர் கொஞ்சம் யோசித்து, “கூலிங் சார்” என்பார்.

வந்து சேரும் பாட்டிலில் பெரும்பாலும் ஆர்.ஓ. எந்திரத்தில் சுத்திகரித்த குடிநீர்தான் இருக்கும். அதற்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 14543, இயற்கைத் தாதுநீருக்கு ஐ.எஸ். 13428. இரண்டையும் எதிரில் இருப்பவருக்கு விளக்கி முடிப்பதற்குள் தோசை ஆறிவிடும்.

சத்துக் கணக்கில்தான் பண்டிதர் சற்றுத் தடுமாறுவார். ஒரு டம்ளர் பாலில் உள்ள கால்சியத்தை எவியனில் பெற ஏறக்குறைய மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். இதைச் சொன்னால், “சத்துக்காகவா குடிக்கிறேன்? சுவைக்காக!” என்பார். சரி, லேபிளைக் கிழித்துவிட்டு நான்கு டம்ளரில் நான்கு தண்ணீரை ஊற்றி வைக்கிறோம், எது எவியன் என்று சொல்லுங்கள் என்றால், “சுவையில் என்ன இருக்கிறது? உடம்புக்குச் சத்துதான் முக்கியம்” என்பார்.