ஒரிஜினல் அத்தான்

மே மாதத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது பெரும்பாடு. கிடைத்து, ராத்திரி முழுக்க வேர்த்து, விடியக்காலம் தூத்துக்குடியில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் அத்தான் நிற்பார். "வாங்க", "நல்லாருக்கியளா" எல்லாம் அக்காவின் இலாகா. அத்தான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ரயில்ல ஒண்ணும் தின்னுரலையே?"

"இல்ல அத்தான். கோவில்பட்டி வரும்போது ஒரு காபி மட்டும்..."

"அதக் காபின்னு வெளிய சொல்லாத மாப்ள. கோவில்பட்டின்னா கடலைமிட்டாய். அதையும் ஸ்டேஷன்ல வாங்கப்படாது."

அங்கிருந்து சாயர்புரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரமும் அந்த ஒரு காபிக்காக நான் குற்றவாளிபோல உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவர் என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு வாய்த்தார். உங்களுக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ வாய்த்திருப்பார். தெற்கே ஊருக்கு நாலு பேர் இப்படி உண்டு. வருஷம் பூராவும் இவர்களை யாரும் தேடுவதில்லை. சென்னை, மும்பை, துபாய் என்று பிழைக்கப் போன சொந்தமெல்லாம் கோடை விடுமுறைக்கு வந்து இறங்கியதும் பதவி ஏற்றுக்கொள்வார்கள். எங்கே தின்பது, என்ன குடிப்பது, ராத்திரி எந்த ஊர்க் கோயில் கொடையில் எந்த வில்லுப்பாட்டுக் கேட்பது என்பதெல்லாம் இவர்கள் அதிகாரம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பதவி காலாவதி.

அத்தான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அந்தத் தணிக்கைப் புத்தி போகவில்லை. உலகத்துப் பண்டங்களை அவர் இரண்டு பேரேடாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று ஒரிஜினல். மற்றது 'மாதிரி'. பதனி, பதனி மாதிரி. பரோட்டா, பரோட்டா மாதிரி. நம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது எப்போதும் மாதிரிதான். ஒரிஜினல் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும்.

வந்த மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்படும். பதனிப் பயணம். பைபாஸ் ரோட்டில் கேனில் வைத்து விற்பவர்களை வண்டியின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாண்டிப் போவார், கெட்ட சகவாசத்தைத் தாண்டுவதுபோல. செம்மண் தேரிப் பக்கம் ஒரு விளை. அங்கே அவருக்குத் தெரிந்த பனையேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் வடிவது பதநீர்; தடவாமல் கட்டினால் புளித்துக் கள்ளாகிவிடும், போலீசும் வந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தச் சுண்ணாம்பின் அளவைப் பற்றி அத்தான் அரை மணி நேரம் பேசுவார். கூடிப்போனால் நாக்கு வெந்துபோகும், குறைந்தால் 'தலை தூக்கிரும்'. கேட்பவர் யார்? காலையும் மாலையும் பனை ஏறி இறங்குகிற மனுஷர்.

"இது அலகுப் பனையா, பருவப் பனையா?" என்றார் அத்தான்.

"குடிங்க அண்ணாச்சி, வெயில் ஏறுது" என்றார் அவர்.

ஓலைப் பட்டையைப் பிடிப்பது ஒரு வித்தை. நான் பிறந்த ஊர்தான், ஆனால் பட்டணத்துக் கை. பதனி வாய்க்குப் போனதில் பாதி முழங்கை வழியாகச் சட்டைக்குள் போயிற்று. என் மகன் பதவிசாக, "பெரியப்பா, ஸ்ட்ரா இருக்கா?" என்றான். முறைப்படி மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தானுக்கு முறை தப்பியது பெரிதில்லை. ஸ்ட்ரா என்ற சொல்தான் அவரை அடித்துப் போட்டுவிட்டது. வீடு வரும்வரை பேசவில்லை.

பேசியிருந்தால் அன்றைக்கு ஜி.யு. போப்பைப் பற்றிச் சொல்லியிருப்பார், நாங்கள் தப்பித்தோம். போப் ஐயர் 1842-இல் சாயர்புரம் வந்து இறையியல் பள்ளி தொடங்கினார். அவர் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட வருஷம் 1886. நடுவில் நாற்பத்திநாலு வருஷம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர், ஆக்ஸ்போர்டு எல்லாம் வந்து போகின்றன. அத்தான் கணக்கில் அவையெல்லாம் வராது. "எப்பேர்ப்பட்ட தமிழு! எங்கருந்து வந்திச்சுங்க? எல்லாம் நம்மூரு பதனி மாப்ள." போப் பதனி குடித்ததற்கு ஆதாரம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "குடிக்கலங்கதுக்கு ஒங்கிட்ட ஆதாரம் இருக்கா?" என்றார். தணிக்கைக்காரரிடம் வாய் கொடுக்கக் கூடாது.

புவிசார் குறியீடு என்று ஒன்று வந்ததிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு, 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்கு, உடன்குடிக் கருப்பட்டிக்கு என்று வரிசையாகக் கிடைத்தபோது, தனக்கே மத்திய அரசு பதவி உயர்வு கொடுத்ததுபோல நடந்துகொண்டார். நாற்பது வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னதை இப்போதுதான் கவர்மெண்டு ஒத்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, தாம்பூலத் தட்டை நீட்டுகிற பையனிடம் "ஆத்தூரா?" என்று கேட்காமல் வெற்றிலை எடுப்பதில்லை. பையன் தன் ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லங்க, ஏரல்" என்பான்.

மக்ரூன் வாங்கப் போன கதையைச் சொல்லத்தான் வேண்டும். முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவை நுரையாக அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வெகுநேரம் உலர வைத்தால் மக்ரூன். ஐரோப்பாவில் பாதாமில் செய்வதை நம் கடற்கரையில் முந்திரிக்கு மாற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்தால், இங்கத்து மக்ரூனே ஒரு 'மாதிரி'தான். இதை அத்தானிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை; அக்காவுக்கு அவர் ஒருத்தர்தானே இருக்கிறார்.

பகல் பன்னிரண்டு மணி, கத்திரி வெயில், வண்டியில் ஏழு பேர். முதல் கடைக்குள் போன அத்தான் உடனே திரும்பினார். "பளீர்னு வெள்ளையா இருக்கு. லேசா தந்த நெறம் பாஞ்சிருக்கணும்." இரண்டாவது கடையில் நிறம் சரி, கடித்தால் உள்ளே ஒட்டவில்லை. "வெளிய மொறுக்குன்னு ஒடையணும், நடுவுல கொஞ்சம் பல்லுல நிக்கணும். இது சாக்பீஸ்." மூன்றாவது கடைதான் கடை. அதன் வாசலில் நாங்கள் நின்றபோது ஷட்டர் இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம், இனி நாலு மணிக்கு. சரி, காத்திருப்போம் என்றார். ஏசி வேலை செய்யாத வண்டியில் பிள்ளைகள் வாடிப்போய்க் கிடந்தார்கள். அப்போது பின்சீட்டிலிருந்து காகிதம் சரசரக்கும் சத்தம். அக்கா முதல் கடையிலேயே அரைக் கிலோ வாங்கி முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஏழு பேரில் ஆறு பேர் தின்றோம். அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூடிய ஷட்டரையே பார்த்திருந்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. அமிர்தமாக இருந்தது.

ராத்திரி விஷயம் வேறு. எனக்குக் கல்யாணமான முதல் கோடையில் அத்தான் போன் செய்து, "தங்கச்சியையும் கூட்டிட்டு வா மாப்ள, ராத்திரி நைட் கிளப் போவோம்" என்றார். என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. கிறிஸ்தவக் குடும்பம், பெரிய மனுஷர், இவரா இப்படி என்று ஆடிப்போனாள். ஆனாலும் பெட்டியில் ஒரு நல்ல சுடிதாரை மடித்து வைத்ததை நான் பார்த்தேன். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் ராத்திரிக் கடை. வாழையிலை, பொரித்த பரோட்டா, அது மூழ்குகிற அளவு சால்னா. எண்ணெயில் பொரித்தெடுத்த அந்தச் சின்னப் பரோட்டாவை நொறுக்கிப்போட்டு, சால்னா ஊற்றி, ஊறுவதற்குக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதில்தான் அத்தானுக்கும் மனித குலத்துக்கும் தகராறு. நாம் கை வைக்கப் போனால், "இரு." ஆறிப்போனபின், "ம்." ஆட்டமும் பாட்டும் எங்கே என்று மனைவி கண்ணால் கேட்டாள். கல்லில் கொத்துப் பரோட்டா தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்து முத்துநகர் கடற்கரையில் காற்று வாங்கினோம். வயிறு நிறைந்த தைரியத்தில் கேட்டேன்: "அத்தான், 1961-க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பே இல்ல. ரயிலு முத்துநகர், பீச்சு முத்துநகர், ஊரே முத்துநகர். முத்து எங்க? அப்ப ஊரே ஒரிஜினல் இல்லையே?"

நல்ல அடி என்று நினைத்தேன். அத்தான் கடலைப் பார்த்தார். ஆத்தூர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"முத்து இல்லன்னா என்னடே, சங்கு குளிக்காம்லா? ஒனக்கு ஊதுததுக்கு அது போதும்."

கலை விஷயத்திலும் இதே தணிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சு (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்). செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டுக்கு முன்வரிசை. இரண்டுக்கும் ஒரே வெள்ளை வேட்டி. வில்லுப்பாட்டு மேடையில் இப்போது கீபோர்டும் ஏறிவிட்டது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை, இதற்கு மேல் ஆறாவதாக ஒரு சாமான் மேடையில் தெரிந்தால் அத்தானுக்கு உடம்பு எரியும். "குடத்துல அடிக்க அடிதான்யா வில்லுக்கு உசிரு. இது என்ன, சினிமாவா?" முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கச் சொல்வார். புலவர் அசரமாட்டார், பதிலுக்குப் பாட்டிலேயே வெள்ளை வேட்டி கட்டின ஒரு துஷ்டப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நாலு வசை வைப்பார். கூட்டம் சிரிக்கும். அத்தானும் சிரிப்பார், தன்னைத்தான் சொன்னார்கள் என்பது தெரியாமல். ராத்திரி ரெண்டு மணிக்கு, எழுந்து போகலாமா என்று கேட்டால், "மாதிரிதான், ஆனா கதை முடியட்டும்" என்பார்.

தூத்துக்குடியில் 2022-இல் நெய்தல் கலை விழா தொடங்கியபோது குடும்பத்தோடு போனோம். பறை அதிர்ந்தது, பிள்ளைகள் தங்களை அறியாமல் ஆடினார்கள். அத்தான் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், நாடகத் தமிழுக்குத் தலைமையாசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்தது இதோ இருக்கிற காட்டுநாயக்கன்பட்டியில்தான் என்றும், அவர் நாடகமெல்லாம் விடிய விடிய நடக்கும் என்றும், பத்து நிமிஷத்தில் மேடையை விட்டு இறங்குகிறதெல்லாம் கலையா என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். சுவாமிகள் காலமானது 1922-இல். அத்தான் பிறந்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து. ஆனால் பேச்சைக் கேட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்போல இருக்கும்.

இப்படிப்பட்டவர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது ஓர் அசனத்தில்.

அசனம் தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துச் சபைகளில் ஊர்கூடிச் சமைத்து ஊர்கூடி உண்ணும் விருந்து. ஒரு வீடு ஆடு கொடுக்கும், ஒரு வீடு அரிசி மூட்டை, இன்னொரு வீடு கத்திரிக்காய். முந்தின ராத்திரியே ஆண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கண்ணீர் விடுவார்கள். உபதேசியார் பிரசங்கத்துக்குக்கூட அவ்வளவு கண்ணீர் வந்ததில்லை. நீளமாக வெட்டிய குழியில் விறகு எரியும், மேலே ஆள் முங்குகிற அண்டாக்கள். ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் ஒன்றாய்க் குழைந்த அந்தக் குழம்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வயிறு நிறைந்ததும் வாளியை நீட்டி வீட்டுக்கும் வாங்கிப் போகலாம். வாளியின் அளவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், மறுநாள் பேசிக்கொள்வார்கள்.

அங்கே அத்தான் விருந்தாளி இல்லை, சமையல் கமிட்டி. ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டவர். எனக்கு இலையில் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே நின்றார். வாயில் வைத்தேன். ஒன்பது நாள் அவரோடு சுற்றியதில் எனக்கும் நாக்கு முளைத்திருந்தது. ஏதாவது குறை சொல்லிப் பழி தீர்க்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"எப்டி மாப்ள?"

"ஒரிஜினல் அத்தான்."

முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இலையிலிருந்து ஒரு செருமல். அத்தானுக்கும் ஒரு அத்தான் உண்டு. அவருடைய மூத்த அக்காவைக் கட்டியவர், எண்பது தாண்டியாயிற்று, கையில் ஊன்றுகம்பு. ஒரு துண்டுக் கறியை விரலால் அமுக்கிப் பார்த்தார், கத்திரிக்காயை ஓரம் தள்ளினார்.

"யாருலே குழம்பு கூட்டுனது?"

"நாந்தான் அத்தான்" என்றார் அத்தான். குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல்.

"இதுக்குப் பேரு அசனமா? எங்க காலத்துல மசாலா பூராவும் அம்மியில அரைப்பாவ. மணம் ஏரல் வரைக்கும் போவும். இது என்னமோ... மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு இலையை வழித்து உண்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். வாளி ஒன்றையும் நீட்டினார், பெரிய வாளி. அத்தான் நிறைய ஊற்றிக் கொடுத்து, கிழவரைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் காதோரம் குனிந்தார்.

"பெருசுக்கு எதத் தின்னாலும் ஒரு குத்தம் சொல்லணும் மாப்ள. சில பேரு பொறவியே அப்படி, என்ன செய்ய?"

பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். என் டம்ளர் நிறைந்து, இலை நனைந்து, மடியில் ஒழுகியது.